இரு கரைக் கடத்தல்: ஒரு மே மாத நாட்குறிப்பு

ரெய்னர்ஸ் லேன், லண்டன், மே 10

1984ஆம் ஆண்டு இதே நாள் ஒரு வியாழக்கிழமை. யாழ்ப்பாணத்தில் குடிநீர்த் திட்டமொன்றில் வேலை பார்த்துவந்த அமெரிக்கர் ஒருவரும் அவருடைய மனைவியும் அன்று கடத்தப்பட்டார்கள். இருவரும் ஒஹாயோ மாநிலத்தவர். கடத்தியது ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் ஆயுதப் பிரிவான மக்கள் விடுதலைப் படை. அந்த முன்னணியைச் சனங்கள் ஈபிஆர்எல்எவ் என்பார்கள். தம்பதியர் இருவரும் சிஐஏ உளவாளிகள் என்பது கடத்தியவர்களின் குற்றச்சாட்டு. கோரிக்கைகள் இரண்டு. சிறையிலிருக்கும் 20 பேரை விடுவிக்க வேண்டும். 5 கோடி ரூபாய், அன்றைய மதிப்பில் 20 லட்சம் டாலர், தங்கமாகத் தர வேண்டும்.

தங்கத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் விசித்திரம்: தமிழ்நாடு அரசிடம். கொழும்பிடம் கேட்ட மீட்புப் பணத்துக்கு அயல்நாட்டு மாநில அரசொன்றைப் பெட்டகம் ஆக்கினார்கள். அன்றைக்கு அது யாருக்கும் பெரிய வியப்பாகப் படவில்லை. இயக்கங்களின் ஒரு கால் யாழ்ப்பாணத்திலும் மறு கால் தமிழ்நாட்டிலும் இருந்தது ஊரறிந்த சங்கதி.

மே 11

தமிழில் ‘கடத்தல்’ என்ற ஒரே சொல் பீடி இலைக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும். கடக்கச் செய்வது என்பது அதன் வேர்ப்பொருள். யாழ்ப்பாணக் கரையிலுள்ள வல்வெட்டித்துறைக்காரருக்கு முதல் அர்த்தமே நீண்டகாலம் போதுமானதாக இருந்தது. அக்கரைக்குப் போய்ப் புடவையும் பீடி இலையும் ஏற்றி வருவது அங்கே ஒரு தொழில். சட்டம் அதற்குக் குற்றம் என்று பெயர் வைத்தது பின்னால். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். வடமராட்சிக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அதே ஓட்டிகள், அதே இறங்குதுறைகள், வேறு சரக்கு. நிலவில்லாத இரவு பார்த்து, விளக்கில்லாமல், கண்ணாடியிழைப் படகில் இரண்டு வெளியிணைப்பு இயந்திரங்களைப் பூட்டி ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் வேதாரண்யம் பக்கம் கரை சேரலாம். போகும்போது காயம்பட்டவர்களும் பயிற்சிக்குப் போகும் பெடியளும், வரும்போது ஆயுதம். கரையில் பிளாஸ்டிக் கானில் எரிபொருளோடு ஒருவர் காத்திருப்பார். அவருடைய அப்பா புடவை மூட்டைக்குக் காத்திருந்தவராக இருக்கக்கூடும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தப் போக்குவரத்துக்கு ஓர் அரசின் ஆதரவும் சேர்ந்தது. இந்திய உளவு அமைப்பான றோ, டெஹ்ராடூனுக்கு அருகே சக்ராத்தாவில் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டில் விடுதலைப் புலிகளுக்குக் கொளத்தூர், புளொட்டுக்கு ஒரத்தநாடு, ஈபிஆர்எல்எவுக்குக் கும்பகோணம் என்று முகாம்கள் எழுந்தன. எல்லை தாண்டிய கெரில்லாப் போர் பற்றிய பாடநூல்கள் ‘பின்தளம்’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கின்றன. இங்கே பின்தளத்தில் கல்யாண மண்டபமும் அச்சகமும் சட்டமன்ற உறுப்பினர் விடுதியும்கூட அடங்கின.

மே 12

கடத்தியவர்களின் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போனால் லண்டனில் வந்து முட்டுகிறது. ஈரோஸ் எனப்படும் ஈழப் புரட்சி அமைப்பு 1975இல் லண்டனில் தொடங்கப்பட்டது. படிக்க வந்த ஈழத்து மாணவர்கள், பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் லண்டன் பிரதிநிதி வழியாக லெபனான் பயிற்சி முகாம்களோடு தொடர்பு பிடித்தார்கள். அந்த அமைப்பிலிருந்து பிரிந்தவர்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் அமைத்ததே ஈபிஆர்எல்எவ். ஆக, யாழ்ப்பாணத்தில் நடந்த கடத்தலின் ஒரு நுனி தேம்ஸ் கரையில் கிடந்தது.

1984இல் அந்த வாரம் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் இந்தியப் பயணமும் சேர்ந்து வந்தது. டெல்லிக்கு அது பெரிய தர்மசங்கடம். விருந்தாளியின் நாட்டுக்காரர் இருவரைப் பிடித்து வைத்திருப்பது, தான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர். இந்திரா காந்தி விடுவிக்கச் சொல்லி வேண்டுகோள் விடுத்தார். சென்னையில் இருந்த இயக்கத் தலைவர்களைத் தமிழகக் காவல்துறை நெருக்கியது. பணயக்கைதிகள் ஒரு கரையில், அவர்களை விடுவிக்க வைக்கக்கூடிய பிடி மறு கரையில்: கொழும்பு அரசுக்கு இதைவிட எரிச்சலூட்டும் நிலை வேறு இருந்திருக்காது.

மே 13

கொழும்பின் ஏற்பாடுகள் கடத்தலுக்கு முன்பே தொடங்கிவிட்டன. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரைக் குற்றஞ்சாட்டாமலே 18 மாதம் வரை அடைத்து வைக்க இடம் கொடுத்தது. 1983 ஜூனில் வந்த அவசரகால விதியொன்று, மரண விசாரணை இல்லாமலே சடலத்தைப் புதைக்கவோ எரிக்கவோ பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1984 மார்ச்சில் தேசியப் பாதுகாப்பு அமைச்சு உருவாகி, லலித் அத்துலத்முதலி அதன் அமைச்சரானார். வடக்குக் கடல் கண்காணிப்பு வலயமாக்கப்பட்டது. பிறகு கரையோரத் தடை வலயமும் வந்தது. காலையில் வலை வீசி மாலையில் மீனோடு திரும்பும் ஆட்களுக்குக் கடலே தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. ஆயுதம் ஏற்றிய படகு தப்பிவிடும். மெதுவாகப் போகும் வள்ளம் அகப்படும். இந்த எளிய கணக்கின் விலையை இரு கரை மீனவரும் கொடுத்தார்கள்.

இஸ்ரேலிய நலன் பிரிவொன்று 1984இல் கொழும்பின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் திறக்கப்பட்டது. இஸ்ரேலிய ஆலோசகர்கள் வந்தார்கள். பிரிட்டன் தன் படையை நேரடியாக அனுப்பவில்லை. பதிலாக ஒரு லண்டன் கம்பெனி போயிற்று. பெயர் கேஎம்எஸ். விரித்தால் கீனி மீனி சர்வீசஸ், கேட்கச் சின்னப்பிள்ளைப் பாட்டுப் போல இருக்கும். புல்லுக்குள் பாம்பு நெளிந்து போவதைக் குறிக்கும் கிழக்கு ஆப்பிரிக்கச் சொல் அது என்பார்கள். நடத்தியவர்கள் பிரிட்டனின் எஸ்ஏஎஸ் படையில் இருந்தவர்கள். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில் அவர்கள் உருவாக்கிக் கொடுத்ததுதான் எஸ்ரிஎவ் எனப்படும் விசேட அதிரடிப் படை. பெயரளவில் பொலிஸ், பயிற்சியிலும் ஆயுதத்திலும் சிறப்பு இராணுவம். பின்னால் நின்றவர் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவின் மகன் ரவி ஜெயவர்த்தனா.

கிழக்கு மாகாணத்தில் எஸ்ரிஎவ் என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திய தலைமுறை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் அந்தப் படை நடத்திய கொலைகள் மட்டக்களப்பில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லாதவை. கேஎம்எஸ் ஆட்கள் இலங்கையில் செய்தவை போர்க்குற்றமாகுமா என்று லண்டன் பெருநகரப் பொலிஸ் விசாரிக்கத் தொடங்கியது 2020இல். இடையில் 33 ஆண்டுகள்.

மே 14

தம்பதியர் காயமில்லாமல் விடுவிக்கப்பட்டார்கள். பிடித்து ஐந்து நாளுக்குள் எல்லாம் முடிந்தது. தங்கம் கை மாறவில்லை. 20 பேரில் எவரும் சிறையிலிருந்து வெளியே வரவில்லை. கடத்தியவர்களுக்கு மிஞ்சியது உலகப் பத்திரிகைகளில் ஒரு வாரத் தலைப்பு. அரசுக்கோ அதைவிட நிலையான ஒன்று கிடைத்தது: வெளிநாடுகளிடம் உதவி கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு சம்பவம்.

பிரசித்தி பெற்ற இந்தக் கடத்தல் எவர் உயிரையும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு இதே நாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1985 மே 14 அன்று புலிகள் அநுராதபுரத்துக்குள் புகுந்து, பஸ் நிலையத்திலும் ஸ்ரீமகாபோதிப் பக்கத்திலும் கண்டபடி சுட்டார்கள். செத்தவர்கள் 146 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பஸ்ஸுக்கு நின்றவர்கள், பூ வாங்கிக்கொண்டு கும்பிடப் போனவர்கள்.

மே 15

மறுநாள் பதில் வந்தது. வந்தது நெடுந்தீவுக் கடலில். குமுதினி என்ற பயணிகள் படகு, தீவாருக்கு பஸ் மாதிரி. ஆசிரியரும் நோயாளியும் கோழிக்கூடும் அதில்தான் போக வேண்டும். 1985 மே 15 காலை அதை மறித்து ஏறியவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அநுராதபுரத்தில் சுட்டவர் எவரும் அந்தப் படகில் இருக்கவில்லை.

அக்கரையிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்புக்கு அனுப்ப வைத்த பெட்டிக்குண்டு அங்கேயே வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். 1986 நவம்பரில், பெங்களூர் சார்க் மாநாட்டுக்கு முன்னால், தமிழகப் பொலிஸ் ஒரே விடியலில் இயக்க வீடுகளைச் சுற்றி வளைத்து ஆயுதங்களை அள்ளியது. தொடர்பாடல் கருவிகளைத் திருப்பித் தரச் சொல்லிப் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்ததும், அவை திரும்பக் கிடைத்ததும் எம்ஜிஆர் காலத்துக்கே உரிய காட்சி. 1991 மே 21 அன்று நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அப்படியொரு காட்சிக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இந்தியா புலிகளைத் தடை செய்தது.

மே 16

சுற்றிவளைப்பு என்பது இப்படி. விடிய நாலு மணிக்கு நாய்கள் குரைக்கும். வெளிச்சம் வரும்போது ஊரின் நாலு பக்கமும் ஆமி. ஆண்களெல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லும். அங்கே ஜீப்புக்குள்ளோ கதிரையிலோ ஓர் உருவம்: தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. வரிசை அதன் முன்னால் நகரும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழுமாக அசைந்தால் லொறியில் ஏற வேண்டும். அந்த உருவத்துக்கு ஊர் வைத்த பெயர் தலையாட்டி. அவனும் பெரும்பாலும் அடித்து உதைத்து அழைத்து வரப்பட்டவன்தான். ஓட்டை வழியாகத் தெரிந்த கால் செருப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்த தாய்மார் உண்டு.

ஆட்களைத் தூக்குவதில் இயக்கங்களும் குறைந்தவையல்ல. 1986இல் புலிகள் மற்றோர் இயக்கமான டெலோவை அழித்து, ஆண்டு முடிவதற்குள் ஈபிஆர்எல்எவையும் தடை செய்தபோது, வதைமுகாம் என்ற சொல் யாழ்ப்பாணத்து அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்தது. 1989இல், இலங்கைக்கு வந்திருந்த இந்திய இராணுவத்தின் நிழலில் ஈபிஆர்எல்எவ் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கு ஆள் சேர்த்த விதத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் பிள்ளைபிடி. ரியூசன் கொட்டிலிலிருந்து சைக்கிளோடு பெடியன்கள் காணாமல் போனார்கள். வன்னியில் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கேட்டு வந்தபோதும் அதே பெயரைத்தான், இன்னும் தாழ்ந்த குரலில், சொன்னார்கள்.

மே 17

ஹீத்ரோவிலிருந்து பிக்கடில்லி ரயிலில் ஏறி, ஆக்டன் டவுனில் மாறினால் ரெய்னர்ஸ் லேன். எண்பதுகளில் இந்த வழியில் வந்தவர்கள் பலர், மேலே சொன்ன மைதானங்களில் ஏதாவது ஒன்றில் வரிசையில் நின்றவர்கள். வருகையை நிறுத்தப் பிரிட்டன் 1985 மே மாதம் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு அப்படி விதித்தது அதுவே முதல் தடவை.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தடிக்குக் கொண்டுபோனபோது, அவர்களில் பலர் மாசிக் குளிரில் உடுப்பைக் கழற்றி எறிந்து உள்ளாடையோடு நின்றார்கள். உடுப்பில்லாத ஆளை விமானத்தில் ஏற்றுவது கஷ்டம். ஊரில் கற்காத இந்த உத்தியை யார் முதலில் நினைத்தார் என்பது பதிவில் இல்லை. நீதிமன்றம் பயணத்தை நிறுத்தியது. அதே ஆண்டு விசா இல்லாதவரை ஏற்றி வரும் விமானக் கம்பெனிக்கு அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. பிடிபட்டவர்களில் சிலரை ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய கார்ப் படகில் அடைத்து வைத்தார்கள். அக்டோபர் பெரும்புயலில் அது கட்டறுத்து மிதந்தது. பாக்கு நீரிணைக்குத் தப்பி வந்தவர்களுக்கு வட கடலும் ஓர் இரவைக் காட்டியது.

2001இல் பிரிட்டன் புலிகளைத் தடை செய்தது. அதன்பின் கடைக் கல்லாவில் வைத்திருந்த உண்டியலைப் பற்றிக்கூட இங்கே தணிந்த குரலில்தான் பேசினார்கள். உண்டியலில் போட்டவர்களில் மனதோடு போட்டவரும் உண்டு, ஊரிலுள்ள தாய் தகப்பனை நினைத்துப் போட்டவரும் உண்டு.

மே 18

2006க்குப் பிறகு கடத்தலின் வாகனம் இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான். கொழும்பில் தமிழ் வியாபாரிகளைப் பிடித்துப் பணம் கேட்டார்கள். 2008, 2009இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கடற்படையினர். நோக்கம் மீட்புப் பணம் என்பது புலனாய்வில் தெரிந்தது. 1984இல் பெடியள் கேட்ட விலையைப் பிறகு சீருடை கேட்டது. கண்காணிப்பு வலயத்தில் கெரில்லாவைத் தேடி ரோந்து போக வளர்க்கப்பட்ட படை அது.

2009 மே மாதம், போர் முடிந்த இதே நாள்களில் வட்டுவாகல் பாலம் தாண்டி, சரணடையச் சொன்ன இடத்தில் கணவனையும் மகனையும் கையளித்த பெண்கள், அவர்கள் பஸ்ஸில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள். பஸ் போன இடம் இன்றுவரை சொல்லப்படவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் அவர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. கொட்டகையில் படங்களோடு இருந்த தாய்மாரில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அரசு அமைத்த செயலகத்தின் பெயர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்கு, ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழும் 2016இலிருந்து உண்டு.

லண்டனில் இன்று அந்தக் கடைசி நாள்களின் நினைவுக் கூட்டங்களில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் கஞ்சி வார்ப்பார்கள். கிளிநொச்சித் தாய்மார் பதாகையில் எழுதுவது ‘காணாமல் போனோர்’ என்றல்ல, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று. படிவம் நிரப்ப வரும் அதிகாரி பழைய சொல்லை எழுதினால், அதை வெட்டி மாற்றி எழுதும்வரை கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.