ஸ்டோரேஜ் ஃபுல்

மக்களே, 'அகம்' ராக் பேண்ட் 2007ல சன் டிவி போட்டியில ஜெயிச்சப்போ நான் பால்வாடிகூட போகல. அந்த மேடையை இன்னைக்கு நான் பார்க்கணும்னா, யாராவது பதிவைப் பத்திரமா வெச்சிருக்கணும். 1966ல பீட்டில்ஸ் பிபிசியில நேரலையா வந்த டேப்பையே அழிச்சுட்டாங்க. யாரோ வீட்டு டிவியை 8 எம்.எம். கேமராவுல எடுத்த துண்டுதான் 2019ல கிடைச்சுது. சத்தம்கூட இல்ல.

சிரிக்காதீங்க. நம்ம பேண்டோட முதல் கல்ச்சுரல்ஸ் வீடியோவை, ஃபோன்ல இடமில்லன்னு நானே டெலீட் பண்ணேன். அதுல டிரம்ஸ் அடிச்சவன் ரெண்டாம் வருஷமே படிப்பை விட்டுட்டுப் போயிட்டான். அவன் வாசிச்சதுக்கு வேற சாட்சியே இல்ல.

எங்க ஊர் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாம கோயில் எடுத்தேன்னு 7ஆம் நூற்றாண்டுலயே மகேந்திரவர்மன் பாறையில வெட்டி வெச்சது இன்னும் அப்படியே இருக்கு. நமக்குப் பாறை வேணாம். ஃபேர்வெல் வீடியோவை ரெண்டு இடத்துல காப்பி போட்டு வைங்க, போதும்.