அணிலுக்கு எதற்குக் காடு?

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, எங்கள் திருத்தங்கல் டீக்கடைகளில் அதுதான் பேச்சு. "இத்தனை வருசமா அணில் சரணாலயம்னு போர்டு வச்சிருந்தாங்க. இப்பப் புலின்னு மாத்திட்டாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார், தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதும் நண்பர். பக்கத்து பெஞ்சிலிருந்து இன்னொருவர், "நம்ம முருங்கை மரத்துல ஓடுற அணிலுக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய காடு? முதல்ல அதை யாரு கேட்டது?" என்றார்.

நல்ல கேள்வி. எங்கள் ஊர் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றில் ஏறினால், மேற்கே நீலமாய்த் தெரிவது அந்தக் காடு இருக்கும் மலைதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அது எப்படிச் சரணாலயம் ஆனது, யார் சொல்லி ஆனது என்று எங்களில் யாரும் விசாரித்ததில்லை. நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் அந்த அணில். முதுகில் மூன்று கோடு போட்ட நம் வீட்டு அணிலுக்கும் அதற்கும் ஒரே குடும்பம் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. அதன் பெயர் சாம்பல் நிற மலை அணில். நரை அணில் என்றும் எழுதுகிறார்கள். தலையிலிருந்து வால் நுனிவரை இரண்டடிக்கு மேல் இருக்கும், எடையும் ஒரு கிலோவைத் தாண்டும். அறிவியல் உலகத்துக்கு இதை 1769-இல் அறிமுகப்படுத்தியவர் தாமஸ் பென்னன்ட். உலகத்திலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே இது வாழ்கிறது. இந்தியப் பக்கத்தில் சின்னார், ஆனைமலை, பழனி மலை, சிறுமலை, காவிரிக்கரைக் காடுகள் என்று சிதறிக் கிடக்கும் சில இடங்களில்தான் பார்க்க முடியும். அவற்றில் முக்கியமானது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதற்கு இடம் உண்டு. புலிக்குச் சட்டம் தரும் அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு என்று பொருள்.

செண்பகத்தோப்புக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. உள்ளே போனால் காட்டழகர் கோயில். அங்கே ஒரு தோப்புக் காவலர் ஓடையோர மரங்களின் உச்சியைக் காட்டினார். இலையும் சுள்ளியும் சேர்த்துக் கட்டிய உருண்டைக் கூடுகள் தெரிந்தன. "கீழே இறங்கவே இறங்காதுங்க. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். நடுவுல ரெண்டு மரத்தை வெட்டிட்டா அந்தப் பக்கம் போறதுக்கு அதுக்கு வழி இல்லை" என்றார்.

அவர் சொன்னதையே ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தில்தான் இந்த அணில் கூடு கட்டும். ஒரு அணிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருக்கும். ஓடையோரக் காடும் புளியும் மாவும் நிற்கும் அடிவாரத் தோப்புகளும் சேர்ந்ததுதான் அதன் வீடு. டீக்கடைக் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது. அணில் சிறியதுதான். ஆனால் அறுபடாத மரக்கூரை இல்லாமல் அதனால் வாழ முடியாது. அந்தக் கூரையைக் காப்பாற்றினால் யானை, சிங்கவால் குரங்கு எல்லாமே அதோடு சேர்ந்து காப்பாற்றப்படும்.

இனி, யார் கேட்டது என்ற மீதிப் பாதி. சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1988-இல். பரப்பு ஏறக்குறைய 480 சதுர கிலோமீட்டர். அப்படி அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம். அதற்கும் பின்னால் போனால் ஜமீன்கள் வருகின்றன. சதுரகிரி மலையும் அதைச் சுற்றிய காடும் சாப்டூர் ஜமீனோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகின்றன. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கைமாறும் முன்பே மரங்களை வெட்டி விற்றுவிடாமல் தடுக்க 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்னும் பின்னால் 1882-இன் சென்னை வனச் சட்டம் நிற்கிறது. 'ரிசர்வ் காடு' என்று நாம் இன்றும் சொல்வது அந்தச் சட்டம் போட்ட எல்லைக்கோட்டைத்தான்.

சட்டங்களின் வரிசை இவ்வளவுதான். ஆனால் சட்டம் தானாக ஓர் அணிலைத் தேடிப் போவதில்லை. யாராவது பார்த்திருக்க வேண்டும், பார்த்ததை எழுதியிருக்க வேண்டும். அந்த ஆளைத் தேடியபோது, தேடல் என்னைக் காட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. சிவகாசிக்கே திருப்பி அனுப்பியது.

1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தவர்கள் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். அது எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அய்ய நாடார் பெயரிலும் ஜானகி அம்மாள் பெயரிலும் 1963-இல் தொடங்கிய கல்லூரி, சிவகாசிக்கு மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் இருக்கிறது. அங்கே 1970-களில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர். சிறுவயதில் ஜிம் கார்பெட்டின் புலிக் கதைகளைத் தமிழில் படித்துக் காட்டின் மீது ஆசை கொண்டவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஜே.சி. டேனியல் கொடுத்த ஊக்கத்தில் பந்திப்பூர் போய், 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை ஓர் இந்தியர் அப்படி ஆராய்ந்தது அதுவே முதல்முறை என்று துறையில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். பிறகு டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்து ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே உருவாக்கினார். 2024 ஜூனில் காலமானார்.

சாம்பல் நிற அணிலைப் பற்றிய முக்கியமான ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று 1994-இல் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஜான்சிங்கும் சேர்ந்து எழுதியது. மனிதத் தலையீடு இந்த அணிலின் வாழிடத்தையும் எண்ணிக்கையையும் எப்படிப் பாதிக்கிறது என்பதே அதன் பொருள். சரணாலயத்தை ஜான்சிங்தான் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. அரசாணைகள் பல கைகள் பட்டு வருபவை. ஆனால் இந்தியக் காட்டுயிர் அறிவியலின் ஒரு வேர் தீப்பெட்டியில் சம்பாதித்த பணத்தில் எழுந்த ஒரு கல்லூரியில் இருக்கிறது. இது எனக்குப் பெரிய செய்தியாகப்பட்டது. மரத்தைக் குச்சியாக்கி விற்கும் ஊர் என்றுதான் எங்களைப் பிறர் அறிவார்கள். நாங்களும் அப்படியே எங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களுக்குத் தண்ணீரும் அந்த அணில் மலையிலிருந்துதான் வருகிறது. எங்களுக்குப் பக்கத்தில் ஆனைக்குட்டம் அணைக்கட்டு நிற்பது அர்ச்சுனா நதியில். அந்த நதி வத்திராயிருப்பு பக்கத்து மலைச்சரிவில் பிறந்து வைப்பாற்றில் சேர்கிறது. புலிகள் காப்பகம் வந்தபோது வைகையின் நீர்ப்பிடிப்பைக் காப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த, நாட்டின் 51-ஆவது காப்பகம் இது. அணில் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் அதற்குள் அடங்கிவிட்டன. ஆக, நண்பர் நினைத்ததுபோல் அணிலை எடுத்துவிட்டுப் புலியை வைக்கவில்லை. அணிலின் காட்டை இன்னும் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிவாரத்துத் தோப்புகளில் யானை வந்தால் விரட்ட வெடிப்பது பட்டாசுதான். பழத்துக்குள் வெடிமருந்து வைத்துக் காட்டுப்பன்றிக்குப் போடும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிப் பட்டினியில் செத்த யானைகள் தமிழ்நாட்டில் உண்டு. வெடிமருந்தில் பிழைக்கும் ஊர்க்காரனாக இதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவுட்டுக்காயைக் கண்டித்து முதல் குரல் எங்கள் பக்கத்திலிருந்து எழ வேண்டும் என்று நினைக்கிறேன்.

டீக்கடையில் கேட்ட கேள்விகளைக் கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சரணாலயம் என்றால், சுற்றியுள்ள ஊர்களில் உள்ளவர்களின் உரிமைகளைக் கேட்டு ஆட்சியர் வட்டார மொழியில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்கிறது காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. புலிகள் காப்பகத்தின் வெளிவட்ட எல்லையைக் கிராம சபையோடு கலந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 38-வி பிரிவு. பளியர்களுக்கு 2006-இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. மற்ற எதைத் தெரிந்துகொள்ளவும் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தெரு விளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மனு எழுதுகிற நாம் மலைக்காக ஒரு மனுவும் எழுதியதில்லை.

அடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, மரம் வெட்டும் முன் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அந்த மரத்தையும் அதைத் தொட்டு நிற்கும் மரங்களையும் விட்டுவிடுங்கள். திருத்தங்கல், சிவகாசிப் பள்ளிகளின் ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவுக்குத் தூரத்து ஊர்களைத் தேட வேண்டாம். வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போங்கள்.