கேட்டிருக்கலாம்

ஓய்வுபெற்ற பணத்தில் முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கினேன், நிக்கான் டி3500. நஞ்சராயன் குளத்துப் பறவைகளை எடுக்க ஆசை. மலிவாகக் கிடைத்ததென்று பழைய ஏஎஃப் 70-300 லென்ஸையும் சேர்த்து வாங்கிவிட்டேன். மாட்டினால் பொருந்தியது, ஃபோகஸ்தான் தானாக ஆகவில்லை.

பனியன் கம்பெனிகளுக்குச் சாம்பிள் படமெடுக்கும் என் பழைய மாணவனிடம் காட்டினேன்.

“சார், இந்தக் கேமரா பாடில மோட்டார் இல்லைங்க. லென்ஸ்லயே இருக்கோணும். ஏஎஃப்-எஸ், இல்லாட்டி ஏஎஃப்-பின்னு போட்டிருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.”

தெரியாததைக் கேளுங்கள் என்று 30 வருடம் வகுப்பில் சொன்னவன் நான். அவனிடம் கேட்கத்தான் கூச்சப்பட்டேன்.

இப்போது கையால் வளையத்தைத் திருப்புகிறேன். சரியானால் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரியும். கொக்கு பொறுமையாக நிற்கிறது. பறப்பவை தப்பிவிடுகின்றன.