ஏரிக்கு ஒரு மொய் நோட்டு

மே 4, ஞாயிறு

பிள்ளையார் கோயில் திடலில் ஊர்க்கூட்டம். ஏரியைத் தூர் வாருவது என்று முடிவாயிற்று. பேச்சு முழுக்கப் பேராவூரணிப் பெரியகுளம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, துபாய் வேலையை விட்டு வந்த நிமல் ராகவனும் கடைமடை இளைஞர்களும் 'கைஃபா' என்று சங்கம் வைத்தார்கள். 2019-ல் ஊர்ப் பணத்தையும் நன்கொடையையும் வைத்து 564 ஏக்கர் குளத்தில் இறங்கினார்கள். "அதையே வெட்டிட்டாங்க, நம்ம ஏரி எம்மாத்திரம்?" என்கிறார்கள் எங்கள் பையன்கள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது.

மே 11, ஞாயிறு

வரி போட்டாயிற்று. தலைக்கட்டுக்கு ஒரு தொகை. ஆயக்கட்டில் நிலம் இருந்தால் ஏக்கர் கணக்கில் அதற்கு மேல். எதிர்பார்த்த சண்டையும் வந்தது. தோப்புக்காரர் ஒருவர், "நான் போர்த் தண்ணி பாய்ச்சுறேன். ஏரித் தண்ணி என் தென்னைக்கு ஒரு சொட்டு வந்ததில்ல. நான் எதுக்குக் கட்டணும்?" என்றார். பதில் சொன்னது அவருடைய மைத்துனரே. "ஏரி காஞ்ச வருஷம் நீங்க எத்தனை குழாய் கூடுதலா இறக்குனீங்க மச்சான்? அந்தக் காசுல பத்து வருஷ வரி கட்டலாமே." கட்டிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான்.

முதலில் வந்து சேர்ந்தது சிங்கப்பூரில் இருக்கிற ஊர்க்காரர்களின் பணம். பெரிய தொகை, கேள்வியே இல்லை. "மெஷின் இறங்குனதும் போட்டோ அனுப்புங்க" என்ற ஒரு வரி மட்டும். இயந்திரத்தின் படத்தை எல்லோரும் கேட்கிறார்கள். மடைக் கதவின் படத்தை யாரும் கேட்பதில்லை.

மே 25, ஞாயிறு

ஹிட்டாச்சி வந்து ஏரிக்குள் நிற்கிறது. மணி வாடகை, டீசல், ஓட்டுநர் பேட்டா என்று பணம் கரைகிற வேகத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

எங்கே வெட்டுவது என்பதில் இன்று பெரிய வாக்குவாதம். பையன்களுக்கு நடு ஏரியில் ஆழமாகப் பள்ளம் பறிக்க ஆசை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், நிலத்தடிக்கு இறங்கும், அவ்வளவுதான். வரத்து வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் பள்ளத்துக்கு மேலே பெய்கிற மழைதான் கதி. வாய்க்காலும் கலுங்கும் முதலில், பள்ளம் பிறகு என்று ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தோம். படத்துக்கு அது எடுப்பாக இல்லை என்று ஒருவனுக்கு மனக்குறை.

ஜூன் 1, ஞாயிறு

வண்டலை விற்கிறோம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. விவசாயிகள் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி, வாங்கிய தாளையும் ஒட்டிவைத்திருக்கிறோம். இருந்தும் பேச்சு. டீக்கடை வாசலில் கரும்பலகை மாட்டி அன்றன்றைய வரவு செலவை எழுதத் தொடங்கினேன். இரண்டே நாளில் பேச்சு அடங்கியது.

சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று அதே கல்வெட்டு சொல்வதைத்தான் சத்தமாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கணக்கன் புத்தி, வேறென்ன.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. கல்லணைக் கால்வாயில் தலைமடை குடித்து மிஞ்சியதுதான் நமக்கு. கலுங்குப் பூச்சு முடிந்தது. இயந்திரத்தை அனுப்பிவிட்டோம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. பேராவூரணியிலிருந்து கீரமங்கலம், வடகாடு வரை பந்தல் பந்தலாக மொய் விருந்து. விருந்து வைப்பவர் கறிச்சோறு போடுவார், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். மொய் வாங்கியவர், எழுதியவர்கள் அடுத்து விருந்து வைக்கும்போது வாங்கியதோடு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, நோட்டுதான் எல்லாம்.

ஏரிக்குக் கையிருப்பு அநேகமாகக் காலி. கரையில் சீமைக்கருவேலம் துளிர்க்கிறது, வாய்க்காலில் காட்டாமணக்கு தலைகாட்டுகிறது. வருடா வருடம் இவற்றை வெட்ட, மடைக்குக் கிரீஸ் போட, மழைக்கு முன் கரையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். 2017-ல் அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பாசனதாரர் பங்கு 10 சதவீதம் என்று வைத்தது. அதுவும் வேலை நடக்கிற வருடத்துக்குத்தான். அடுத்த வருடத்துக்கு யார் பங்கு? கேட்டால், "இப்பத்தானே கொடுத்தோம்" என்கிறார்கள்.

ஏரிக்கே மொய் விருந்து வைக்கலாம் என்றான் ஒரு பையன். 2022-ல் புதுக்கோட்டைப் பக்கம் டீக்கடைக்காரர் ஒருவர் இலங்கை மக்களுக்காக மொய் விருந்து வைத்தாரே என்றான். எண்பது வயது அப்பத்தா விடவில்லை. "மொய்யின்னா திருப்பிச் செய்யணும்டா. ஏரி யாருக்குத் திருப்பிச் செய்யும்?"

பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நாளும் ஏரியைக் கையேந்த வைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் கடன்பட்டிருப்பது நாம்தானே. இத்தனை தலைமுறை வாங்கித் தின்ற பழைய பாக்கி அது. "ஏரி முன்னாடியே செஞ்சிருச்சு அப்பத்தா, நாமதான் திருப்பணும்" என்றேன். "அப்ப விருந்து எதுக்கு, நோட்ட மட்டும் போடு" என்றுவிட்டாள். கறிச்சோற்றுச் செலவு மிச்சம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நோட்டுப் போட்டாயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ஆடிக்கு ஆடி சிறு தொகை, திடலில் பெயர் சொல்லி வாசிப்பது, எழுதாதவர் பக்கத்தை வெறுமையாகவே வாசிப்பது. மொய் நோட்டில் விட்டுப்போனால் எவ்வளவு அவமானம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். இருந்தும் ஊரில் பாதிக்குமேல் இன்னும் எழுதவில்லை. மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை ஏரிக்கே விடச் சொல்லி ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. வந்த பணத்தில் காட்டாமணக்கை வெட்ட ஆள் வைத்தாயிற்று.

உங்கள் ஊரிலும் ஏரி வெட்டப் பணம் திரட்டுகிறீர்களா? இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் அடுத்த வருடத்துக்கான நோட்டைப் போட்டுவிடுங்கள். எல்லோரும் உற்சாகமாக இருக்கிற அந்த வாரத்தில் எழுதாதவர், பிறகு எழுதுவது கஷ்டம்.