நாற்காலிக்கு அப்பன் யார்?

அமெரிக்காவில் பழைய ஓக் மர நாற்காலி ஒன்று விலைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதில் உட்கார மாட்டார்கள், கவிழ்த்துப் பார்ப்பார்கள்! தேடுவது ஒரு சின்ன முத்திரையை. தச்சரின் கவராயம், அதற்குள் 'ஆல்ஸ் இக் கான்' என்ற வாசகம், கீழே கையெழுத்து. இருந்துவிட்டால் அது குஸ்டாவ் ஸ்டிக்லி பட்டறைச் சரக்கு. வாசகத்துக்கு அர்த்தம், 'என்னால் இயன்றவரை'.

இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் கிளப்பிவிட்ட 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' அலை 1900 வாக்கில் அமெரிக்காவிலும் அடித்தது. வெட்டி அலங்காரம் வேண்டாம், மரமும் இணைப்பும் வெளியே தெரியட்டும் என்பதுதான் கொள்கை. நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் பக்கம் குஸ்டாவ் இந்த மாதிரி நாற்காலிகள் செய்தார். சிக்கல் என்னவென்றால், தம்பிகளுக்கும் அதே தொழில். ஃபேயட்வில்லில் லியோபோல்டும் ஜான் ஜார்ஜும், மிச்சிகனில் ஆல்பர்ட். எல்லாருமே ஸ்டிக்லி!

சரி, முத்திரை இல்லையென்றால்? யாராவது பழைய பாலிஷைச் சுரண்டும்போது அதுவும் போயிருக்கலாம். போலி முத்திரை ஒட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே மரத்தைத்தான் விசாரிக்க வேண்டும். ஓக் மரத்தைக் குறிப்பிட்ட வாக்கில் அறுத்தால் வெள்ளி வரிகள் மாதிரி ரேகை தெரியும். ஆனால் ஒரே கட்டையில் அது எதிரெதிரான இரண்டு பக்கங்களில்தான் வரும். நான்கு பக்கமும் தெரிவதற்காக லியோபோல்டு சகோதரர்கள் நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒரு கால் செய்தார்கள். கால் முனையில் அந்த இணைப்பு தெரிந்தால் அவர்கள் பக்கம் சாயலாம். அப்புறம் அளவுகளைப் பழைய விலைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். 1989 முதல் பழைய வடிவங்களையே மறுபடி செய்து விற்கிறார்கள் என்பதால் வயதையும் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? பெயருக்குத்தான் காசு. 1915-இல் குஸ்டாவ் திவாலானார். அதே குஸ்டாவ் தன் வீட்டுக்காகச் செய்த சாப்பாட்டறை அலமாரி ஒன்றை 1988-இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ஏலத்தில் 3,63,000 டாலர் கொடுத்து வாங்கினார்! கணக்குப் பதிவியலில் குட்வில் என்று ஒரு பாடம் வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லாச் சோதனையும் முடிந்து 'ஸ்டிக்லிதான்' என்று தீர்ப்பு வந்தாலும், அது முதலாளியின் பெயர். பட்டறையில் கூலிக்கு நின்று அந்தக் காலை இழைத்த தச்சனின் பெயர் முத்திரையில் இல்லை. 'என்னால் இயன்றவரை' என்று சொல்ல நியாயமான உரிமை அவனுக்கும் இருந்தது, இல்லையா?