பந்தும் கிண்ணமும் இடம் மாறும்போது

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவு. காலையிலேயே நல்ல கூட்டம். துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி மூன்று வயதான பெண்கள். மூவருமே நடக்கும்போது கால் இடறி விழுந்து, தோள் பக்கம் மேல்கை எலும்பை முறித்துக்கொண்டவர்கள்.

"ரெண்டு பேருக்குக் கத்தியே வேண்டாம்" என்றார் மருத்துவர், எக்ஸ்ரேக்களைப் பார்த்தபடி. பிரிட்டனில் 250 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. எலும்பு விலகியிருந்தும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் கைத்தொட்டிலோடு விடப்பட்டவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளில் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாமவர் கதை வேறு. எலும்பின் தலை நாலு துண்டாகி, குழியை விட்டே நழுவியிருந்தது. "சமையல் பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா. "பண்ணலாம்மா, முதல்ல இதைச் சொல்லுங்க" என்று மேல்கையின் வெளிப்பக்கம் பஞ்சால் தொட்டார் மருத்துவர். உணர்ச்சி இருந்தது. அங்கே ஓடும் நரம்புதான் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையை இயக்குகிறது. அந்தத் தசை வேலை செய்யாவிட்டால் புது மூட்டு வைத்தும் பயனில்லை.

அந்த அம்மாவின் ஆபரேஷனைப் பார்க்க அனுமதி வாங்கித் தியேட்டருக்குள் போனேன். நோயாளியைப் பாதி உட்கார்ந்த நிலையில் சாய்த்திருந்தார்கள். வெளியே எடுத்த எலும்புத் தலையை மருத்துவர் விரலால் அழுத்த, பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. இதில் ஸ்க்ரூ எங்கே பிடிக்கும்?

அதனால் பிளேட் இல்லை, தலைகீழ் மூட்டு. பிரான்சின் டிஜோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன் 1985-ல் கொண்டுவந்த முறை. கையில் இருக்கும் பந்து தோள்பட்டை எலும்புக்கும், அங்கிருக்கும் கிண்ணம் கைக்கும் மாறிவிடும். கையைத் தூக்க, நைந்துபோன உள்தசைகளை நம்ப வேண்டியதில்லை, டெல்டாய்டே தூக்கிவிடும்.

உலோகம் பொருத்துவது சீக்கிரம் முடிந்தது. உடைந்த எலும்புத் துண்டுகளைத் தசையோடு சேர்த்து, தடித்த நூலால் அந்த உலோகத் தண்டைச் சுற்றிக் கட்டத்தான் நேரமானது. "இது ஒட்டலைன்னா கை மேல போகும், ஆனா கொண்டை போட வராது" என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே. என் கணக்கில் அன்றைய வேலையின் உயிரே அந்த முடிச்சுகள்தான்.

வீட்டில் பெரியவர்கள் விழுந்து தோள் வலித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்தே முறிந்திருந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.