அரை ஓம்

குண்டு பல்பு. கண்ணாடி மேல் மங்கலாக இரண்டு எண்கள். 230, 100.

அந்த இரண்டே போதும்.

100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.435 ஆம்பியர். 230-ஐ அந்த 0.435-ஆல் வகுத்தால் 529 ஓம்.

பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டர் வைத்தால் 529 வராது. 40-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

மீட்டரிலும் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,500 டிகிரிக்குப் பக்கம் போகிறது. சூடு ஏற ஏறத் தடையும் ஏறுகிறது.

ஸ்விட்ச் போடும் அந்தக் கணத்தில் இழை இன்னும் ஆறியே இருக்கிறது. 230-ஐ 40-ஆல் வகு. 5.75 ஆம்பியர். 1,300 வாட்டுக்கு மேல். கண் இமைப்பதற்குள் 100-க்கு இறங்கிவிடும்.

குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதுதான் ஃபியூஸ் போகும்.

ஹீட்டர் ராடு. 1,500 வாட். 6.5 ஆம்பியர், 35 ஓம். ஆறின ராடை அளந்தாலும் ஏறக்குறைய அதே 35. உள்ளே இருப்பது நிக்ரோம். சூட்டுக்கு அவ்வளவாக அசையாது.

ஆக, ஆறின 100 வாட் பல்பும் 1,500 வாட் ராடும் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்று.

பள்ளி ஆய்வகத்தில் ஓம் விதிக்கு நிக்ரோம் கம்பி கொடுப்பார்கள். வரைபடம் நேர்கோடாக வரும். அடுத்த வாரம் அதே இடத்தில் டார்ச் பல்பைக் கொடுக்கலாம். கோடு வளையும். பிள்ளைகள் அதையும் பார்க்க வேண்டும்.

கொலோன், 1826. கியோர்க் ஓம், பள்ளி ஆசிரியர். வோல்டா அடுக்கிலிருந்து வந்த மின்னோட்டம் நிலைக்கவில்லை, அளக்க அளக்க இறங்கியது. அதை ஒதுக்கிவிட்டு பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்தார். ஒரு சந்திப்பு கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். அழுத்தம் நிலைத்தது. அதன் பிறகுதான் விதி.

நிலையான ஒன்றைத் தேடியதில்தான் அவர் உழைப்பு அதிகம் என்று தோன்றுகிறது. வகுத்தல் கடைசி வேலை.

லண்டன், 1781. ஹென்றி கேவெண்டிஷ். ஆம்பியர் அளக்கக் கருவியே இல்லாத காலம். லெய்டன் ஜாடியின் மின்சாரத்தை உப்புநீர்க் குழாய் வழியாகத் தன் உடம்புக்குள் விட்டார். எந்தக் குழாயில் அடி பலம், எதில் குறைவு என்று ஒப்பிட்டு எழுதி வைத்தார். ஓமுக்கு 45 ஆண்டு முன்பே கிட்டத்தட்ட அதே விதி. வெளியிடவில்லை. 1879-ல் மாக்ஸ்வெல் பதிப்பித்தார்.

டெஸ்டர். பிடியைத் திறந்தால் சின்ன நியான் விளக்கு, கூடவே ஒரு தடை. சுமார் 10 லட்சம் ஓம். 230-ஐ அதனால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். விளக்கு எரிய அது போதும். அந்த மின்னோட்டம் நம் விரல் வழியாகத்தான் போகிறது. நமக்குத் தெரிவதில்லை.

ஈர உடம்பு. சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வார்கள். அதே வகுத்தல். 230 மில்லி ஆம்பியர்.

வீட்டில் மின்கசிவுக்காகப் போடும் ஆர்சிசிபி விழும் அளவு 30 மில்லி ஆம்பியர்.

ராடைத் தண்ணீரில் வைத்தபடியே கை விட்டுச் சூடு பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

சால்ஃபோர்டு, 1841. ஜேம்ஸ் ஜூல், பீர் ஆலைக்காரர் மகன். கம்பிச் சுருளைத் தண்ணீர் ஜாடிக்குள் இறக்கி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு.

லோ வோல்டேஜ் மாலை. 180 வோல்ட். ராடின் 35 ஓம் மாறவில்லை. 5.1 ஆம்பியர். பெருக்கினால் 918 வாட். வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒன்று, வாட் குறைந்தது ஐந்தில் இரண்டு.

20 லிட்டர் தண்ணீர், 25 டிகிரியிலிருந்து 45-க்கு. முழு வோல்டேஜில் 19 நிமிடம். 180-ல் அரை மணி.

போர் மோட்டார் நேர்மாறு. வோல்ட் குறைந்தால் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். காயில் கருகும்.

மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது. பவர் ஃபேக்டரும் வேண்டும். ராடுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய ஃபேன் ரெகுலேட்டர், அந்தக் கனத்த பெட்டி. உள்ளே தடைக் கம்பிச் சுருள். ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது பெட்டி சுடும்.

ராய்கர் – புகளூர் மின்தடம். 6,000 மெகாவாட். ஒரு கம்பி பிளஸ் 800 கிலோவோல்ட், மற்றது மைனஸ் 800. இரண்டுக்கும் இடையிலான வோல்ட்டால் வகுத்தால் 3,750 ஆம்பியர். அதே திறனை 230 வோல்ட்டில் அனுப்பினால் 2.6 கோடி ஆம்பியர். அதற்குக் கம்பி கிடையாது.

பிளக் பாயிண்ட். பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கிறது. லூஸ் காண்டாக்ட். அரை ஓம் இருக்கும்.

ராடின் 6.5 ஆம்பியரை 6.5-ஆல் பெருக்கி அதில் பாதி. 21 வாட்.

பற்றவைப்புக் கோல் 25 வாட். அது ஈயத்தை உருக்கும்.

வோல்ட்டில் குறைவது மூன்றேகால். லைட் மங்காது. தண்ணீரும் எப்போதும் போலவே சுடும்.

எம்சிபி விழாது. மின்னோட்டம் கூடவே இல்லையே. அரை ஓம் சேர்ந்ததால் இம்மியளவு குறைந்துதான் இருக்கிறது.

சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம். பிளாஸ்டிக் கருகிய வாடை. இந்தச் செய்தியைச் சொல்ல வீட்டில் வேறு கருவி இல்லை.

குளித்து முடித்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் பிளக்கையும் சாக்கெட்டையும் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். ராடுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட்தான்.